பதினாலு பி

மூன்று மணி நேரம் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தேர்வறைக் கண்காணிப்புக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். உட்காரக் கூடாது, புத்தகத்தைத் தொடக் கூடாது, பக்கத்து அறை ஆசிரியையோடு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசக் கூடாது. கைப்பேசியைக் காலை ஒன்பதரைக்கே தேர்வுப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு, விடைத்தாள் கட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பொறியியல் கல்லூரியில் பதினேழு வருஷமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிற சுகந்திக்கு உண்மையில் இந்த மூன்று மணி நேரம் பிடிக்கும். வீட்டிலும் கிடைக்காது, வகுப்பிலும் கிடைக்காது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், மனம் தன் போக்கில் மேயப் போகலாம். இன்றைக்குத்தான் அது மேயாமல் ஒரே முளையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அறை எண் இருபத்தேழு, ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு பேர், மொத்தம் முப்பது தலைகள். மூன்றாவது வரிசையில் நாலாவது தலை பவதாரணியுடையது. நேர் வகிடு, இறுக்கிய ஒற்றைச் சடை, எழுதும்போது இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். தன் மாணவி இருக்கும் அறையையே தனக்குப் போட்டிருப்பார்கள் என்று சுகந்தி எதிர்பார்க்கவில்லை. ஒரு மணிக்கு இந்தத் தேர்வு முடியும். ஒன்றரைக்குத் தேர்வுப் பிரிவில் சென்னியப்பன் சார் புள்ளியியல் தாளின் கிரேடு பட்டியலை வைத்துக்கொண்டு அவளுடைய கையெழுத்துக்காகக் காத்திருப்பார். அந்தப் பட்டியலில் பவதாரணிக்கு பி பிளஸ் என்று இருக்கிறது. அது அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது.

மின்விசிறி ஒன்று கட் கட் என்று அடித்துக்கொண்டிருந்தது. கட், கட், ஒரு விடுதல், மறுபடி கட். மூன்று அடிக்கு ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போவதற்குக் கணக்கு வைத்தால் சராசரி வரும். எல்லாவற்றுக்கும் சராசரி வரும். அதுதான் தொல்லையே. அறுபது பேர் எழுதிய புள்ளியியல் தாளில் ஐம்பத்தெட்டு சராசரி வந்தது, அது போன வாரம் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அதே அறுபது பேருக்கு அறுபத்தாறு வந்தது. நடுவில் வியாழக்கிழமை, அன்றைக்குத்தான் அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கையை ஒட்டினார்கள்: பதினாலாம் கேள்வியில் பி பிரிவை எழுதிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்படும். ஏ அல்லது பி, ஏதாவது ஒன்றை எழுத வேண்டிய கேள்வி. பி பிரிவில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது, தாள் திருத்தும்போதுதான் அது வெளியே வந்தது. எழுதிய ஐம்பத்திரண்டு பேரில் பலர் ஆளுக்கொரு எண்ணைத் தாமாகப் போட்டுக்கொண்டு, அது போன வழியில் போய் ஒரு விடையை எட்டியிருந்தார்கள். சிலர் எண்ணும் போடவில்லை, விடையும் எட்டவில்லை, கேள்வி எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. ஏழு பேருக்கு ஏ பிரிவு பாடமாகவே தெரிந்திருந்தது, அவர்கள் அதை எழுதிப் பதினொன்று, பன்னிரண்டு என்று வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் ஒருத்தி. பி பிரிவை எடுத்து, எண் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து, இருபது நிமிஷம் தொலைத்து, அதை அடித்துவிட்டு ஏவுக்குப் போய் அரைகுறையாக ஐந்து மார்க் வாங்கியவள். அடித்த விடைக்கு மார்க் கிடையாது, அது எல்லாருக்கும் தெரிந்த விதி. அவளுடைய மொத்தம் அறுபத்தெட்டு. புதன்கிழமையும் அறுபத்தெட்டு, வெள்ளிக்கிழமையும் அறுபத்தெட்டு. அவள் ஒரு மார்க்கும் இழக்கவில்லை. கோடுதான் நகர்ந்துவிட்டது.

கோடு எங்கே விழும் என்பதை இந்தக் கல்லூரியில் மார்க் சொல்லாது, மற்றவர்களுடைய மார்க் சொல்லும். சராசரியை எடு, மார்க்குகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு அளவு எடு, அந்த அளவில் பாதியைச் சராசரியோடு கூட்டு, அங்கே ஏ கிரேடு தொடங்கும். புதன்கிழமை சராசரி ஐம்பத்தெட்டு, சிதறல் பதினாறு, பாதி எட்டு, ஆக அறுபத்தாறில் கோடு. பவதாரணி கோட்டுக்கு மேலே இரண்டு படி நின்றாள். வெள்ளிக்கிழமை அறுபத்தாறு, பதினாலு, பாதி ஏழு, ஆக எழுபத்துமூன்று. இப்போது அவள் ஐந்து படி கீழே. சுகந்திக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பவானிப் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு உயர வரிசையில் நிறுத்துவார்கள்; சுகந்தி பின்னாலிருந்து மூன்றாவது, நெட்டச்சி என்று பெயர், கொடிக்கம்பத்துக் கயிறு சிக்கினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு மாற்றலாகிக் கோபிக்குப் போனார்கள். அங்கே முதல் நாள் காலையில் பி.டி. டீச்சர் தோளைப் பிடித்துத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார். பதினாலாவது. ஒரு அங்குலமும் குறையவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் நெட்டை இல்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரில் நின்று அளந்து பார்த்தாள், சரியாகத்தான் இருந்தாள், இருந்தும் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று யாருக்கும் விளக்க முடியவில்லை. இப்போது வருஷாவருஷம் கரும்பலகையில் மணி மாதிரி ஒரு வளைகோட்டை வரைந்து அதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறாள், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள்.

முதல் வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். கிராஃப் தாள் வேண்டுமாம். இந்தத் தாளுக்குக் கிராஃப் கிடையாது என்றாள். "இல்லீங்களா? செரிங்க மேடம்," என்று வேறு எதையோ சமாளிக்கிற முகத்தோடு குனிந்துகொண்டான். சுகந்தி மெல்ல நடந்தாள். குதிகால் வலித்தது, ஒரு மாதமாகவே இந்த வலி, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஆகவே நடந்தாள். மூன்றாவது வரிசை வந்ததும் கால் தானாகவே வேகமெடுத்தது. இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டாம். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், கல்லூரியிலிருந்து ஒரே ஆள். நிபந்தனை ஒன்றுதான், கணிதத் தாளில் ஏவுக்குக் குறையக் கூடாது. சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்ததே சுகந்திதான். மற்றவர்கள் கடந்துபோகிற இடத்தில் நின்று கவனிப்பவள் என்று அதில் எழுதியிருந்தாள். வெறும் முகஸ்துதி இல்லை, பார்த்து எழுதியதுதான். நின்று கவனித்ததால்தான் இந்தக் கதி என்று இப்போது யாராவது கேட்டால் அந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் இதில் இருக்கிற வசதி. கேள்வித்தாள் தயாரித்தது சுகந்தி. நவம்பர் இருபதாம் தேதி பதினொன்றே கால் இருக்கும், துறை அறையில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டிருந்தாள், தேர்வறை வாசலில் இருக்கிற உள் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திரவியல் துறை லோகநாதன், அன்றைக்கு அவர்தான் அந்த அறைக்குக் கண்காணிப்பாளர். "மேடம், ஒரு புள்ள எந்திரிச்சு நிக்குதுங்க. பதினாலு பில ஏதோ ஒரு வேல்யூ இல்லைங்குது. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" கேள்வித்தாளின் பிரதி அலமாரியில் இருந்தது. அலமாரி ஆறு அடி தள்ளி இருந்தது. எழுந்து போய் எடுத்துப் பார்த்திருக்கலாம். சுளையை வாயில் போட்டுக்கொண்டே, "எல்லாம் செரியாத்தான் இருக்குதுங்க. இருக்கறத வெச்சு எழுதச் சொல்லுங்க," என்றாள். லோகநாதன் தொலைபேசியை வைக்காமலே அறைக்குள் சொன்னது அவள் காதில் விழுந்தது: "கேள்வி செரிதானாம்மா. மேடமே சொல்றாங்க. உக்காந்து எழுது." கேள்வி சரி என்று ஆனபின் கண்காணிப்பாளர் அறிக்கையில் எழுத என்ன இருக்கிறது, அவரும் எழுதவில்லை. அந்த ஆரஞ்சு புளிப்பாக இருந்தது. இது எதற்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஆறு அடி. குதிகால் வலி அப்போதும் இருந்தது, அதனால்தான் எழவில்லை என்று இத்தனை நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். அது உண்மையில்லை. தன் தாளில் தப்பு இருக்காது என்ற திமிர், வேறொன்றுமில்லை.

மணி பதினொன்றே முக்கால். முப்பது பேனாக்கள் ஓடுகிற சத்தம் கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி இருந்தது. பறக்கும் படையிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள், வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.  தன்னைப் பிடித்துக்கொள்ள வந்தவர்கள் போல சுகந்திக்குத் தோன்றினார்கள். புள்ளியியல் தாளின் கோப்பில் அச்சுப் பிழை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சென்னியப்பன் சார் நல்ல மனுஷர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம், தேர்வுப் பிரிவை யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல் ஓட்டிக் கரை சேர்ந்துவிட வேண்டும் அவருக்கு. அவராகவே சொன்னார்: "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மேடம். டைப் அடிக்கறப்ப விட்டுருச்சுன்னு போட்டுக்கறேன்." டைப் அடித்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, சுகந்தியும் சொல்லவில்லை. ஜனவரியில் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். கேள்வித்தாளில் பிழை, அதுவும் தேர்வறையிலிருந்து கேட்டபோது பார்க்காமலே சரி என்று சொல்லிய பிழை என்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மூன்று வருஷம் கேள்வித்தாள் எடுக்கத் தடை வரும், நேர்முகத்தில் அந்தக் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். காலையில் தோசை சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வா. அந்தப் புள்ளைக்குப் பெங்களூர் இல்லீன்னா இன்னொரு ஊரு." தட்டைக் கழுவப் போடும்போது இன்னொன்றும் சொன்னார், "ஐம்பத்திரண்டு பேருக்கு நல்லதுதான நடந்திருக்குது." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் மார்க் ஏறியதே தவிர, எல்லாரும் ஏறினால் யாருமே ஏறவில்லை என்பதைக் கிரேடு பட்டியலில் பார்த்தாள். முன்பு பி பிளஸ் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போதும் பி பிளஸ்தான்.

இன்னொரு சமாதானமும் இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் அழகானது, கணக்கோடு வருவது. தேர்வு விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு: பிழையைத் தேர்வறையிலேயே சுட்டிக்காட்டிய மாணவர், எந்தப் பிரிவை எழுதியிருந்தாலும், முழு மதிப்பெண் பெறலாம், சுட்டிக்காட்டியதற்குப் பொறுப்பானவர் எழுத்துமூலம் சான்று தந்தால். அந்த விதியை எழுதிய குழுவில் சுகந்தியும் இருந்தாள். சான்று தந்தால் பவதாரணிக்கு ஐந்து போய்ப் பதின்மூன்று வரும், எட்டு மார்க் கூடும், எழுபத்தாறு, ஏ. அவ்வளவுதானே? இல்லை. எட்டை அறுபதால் வகுத்தால் புள்ளி ஒன்று மூன்று. சராசரி அந்த அளவுக்கு நகரும், சிதறலும் ஒரு துளி கூடும், கோடு எழுபத்துமூன்றிலிருந்து எழுபத்துமூன்று புள்ளி ஒன்று ஆறுக்குப் போகும். சரியாக எழுபத்துமூன்றில் ஒருவன் இருக்கிறான். கவின்ராஜ், அந்தியூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவன், எது சொன்னாலும் ஓகேங்க மேடம் என்பவன், விட்டுப்போன எண்ணுக்குப் பதில் பத்து என்று வைத்துக்கொண்டு பாவம் ஒழுங்காகக் கணக்கைப் போட்டவன். அவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணிதத்தில் ஏ. பவதாரணியைத் தூக்கினால் அவன் விழுவான். ஒரு எறும்பளவு தூரம்தான், இருந்தாலும் கீழே. இதை வெள்ளிக்கிழமை சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்ததும் அவளுக்குள் ஏதோ இளகி உட்கார்ந்தது. ஆக நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்காக இல்லை, கவினுக்காக. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கவின்மேல் அவளுக்கு அப்படியொரு பாசம். திங்கட்கிழமை வராந்தாவில் அவன் எதிரே வந்து வணக்கம் வைத்தபோது அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, அவனை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது. வெட்கமாக இருந்தது.

அந்த எண் எப்படி விட்டுப்போயிற்று? போன வருஷக் கேள்வியில் மின்விளக்குகள். சராசரி ஆயுள் ஆயிரத்து இருநூறு மணி, சிதறல் தொண்ணூறு மணி. இந்த வருஷம் மாற்றலாமே என்று விளக்கை எடுத்துவிட்டு மாணவர்களைப் போட்டாள். ஒரு கல்லூரியில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் அறுபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை, குக்கர் மூன்றாவது விசில், பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் நிலானி திருத்திய விடைத்தாளோடு வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, எம்பத்தெட்டு." விரல் விசைப்பலகையில் இருந்தபடியே சுகந்தி கேட்டாள்: "கிளாஸ்ல ஹையஸ்ட் எவ்வளவு?" எப்போதும் கேட்பதுதான். நாக்கில் ஊறிய கேள்வி, எந்தத் தாய்தான் கேட்கவில்லை. நிலானி விடைத்தாளை மடித்தாள். பிறகு, "நான் ஒருத்தி மட்டும் எழுதுனேன்னு வெச்சுக்கோம்மா. அப்ப எம்பத்தெட்டு நல்ல மார்க்கா இல்லையா?" என்றாள்.  குக்கரை அணைக்க எழுந்து போய் வந்து உட்கார்ந்தபோது சிதறலை எழுதியாகிவிட்டது என்று கைக்குத் தோன்றியிருக்கிறது, அடுத்த வரிக்குப் போய்விட்டது. அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில்தான் ஹையஸ்ட் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகளிடம் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், ஆனால் நல்ல மார்க்தான் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள், இத்தனை வருஷம் ஹையஸ்ட் கேட்ட வாய்.

பன்னிரண்டு இருபதுக்குப் பவதாரணி தலையை நிமிர்த்தினாள். சுகந்தி கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், அங்கிருந்தே பார்த்தாள். அந்தப் பெண் கேள்வித்தாளைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், திருப்பிப் பார்த்தாள், விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். புருவம் சேர்ந்தது. இப்போது எழுந்திருப்பாள் என்று சுகந்தி நினைத்தாள். எழுந்திரு கண்ணு. இன்றைக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், அது என் தாள் இல்லை, என்ன சந்தேகமானாலும் ஆளை வரவழைத்துக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துப் பார்க்க வைக்கிறேன், எழுந்திரு. பவதாரணியின் கண் ஒரு தடவை சுகந்திமேல் வந்து நின்றது. கோபமில்லை, கெஞ்சலில்லை, சுவரில் மணி பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தலை குனிந்தது, பேனா ஓடியது. சுகந்தியால் இருக்க முடியவில்லை. மேசைகளுக்கு நடுவே போய்ப் பக்கத்தில் நின்று, "என்ன கண்ணு, ஏதாவது டவுட்டா?" என்று கேட்டாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த இடது கை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. "ஒண்ணுமில்லீங்க மேடம்." இதற்கு மேல் கேட்கக் கூடாது, விதி அப்படி. சுகந்தி நகர்ந்தாள். மின்விசிறி இரண்டு அடித்து ஒன்று விட்டது.

கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மணி அடித்ததும் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "எழுதாத பக்கத்துக்கெல்லாம் குறுக்குக் கோடு போட்டுருங்க. ஒரு பக்கமும் சும்மா விடக் கூடாது." முப்பது பேரும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கோடு கிழித்தார்கள், சர் சர் என்று அறை முழுக்க அந்தச் சத்தம். பிறகு தாள்களை வாங்கிக்கொண்டு வந்தாள். பதிவெண், கையெழுத்து, கடைசியாக எழுதிய பக்கம், கோடு போட்டிருக்கிறதா, அடுத்தது. பவதாரணியின் தாளைப் புரட்டியபோது கை நின்றுவிட்டது. பதினாலு ஏ மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தாள், படத்தோடு, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு. அதற்கடுத்த பக்கத்தின் மேலே பதினாலு பி என்று எழுதியிருந்தது. கீழே அடிக்கோடு. அதற்குக் கீழே கேள்வியையே இரண்டு வரி பார்த்து எழுதியிருந்தாள், அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. எல்லா வெற்றுப் பக்கத்துக்கும் குறுக்குக் கோடு போட்டிருந்தவள் அதற்கு மட்டும் போடவில்லை. "எதுக்கு ரெண்டையும் போட்டிருக்கறே? ஒண்ணுதான எழுதணும்?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், இருந்தும் அந்தப் பெண் கூசிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். "பில ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்துச்சுங்க மேடம். கேள்வி நம்பரப் போட்டு வெச்சா நல்லதுன்னு பசங்க சொன்னாங்க. போன தடவ அப்படித்தானுங்களே குடுத்தாங்க." "எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதான? நான் கேட்டனே." பவதாரணி பேனா மூடியைத் தேடினாள், கண்டுபிடித்தாள், மூடினாள். "இருக்கறத வெச்சு எழுதச் சொல்லிருவாங்கன்னு தெரியுமுங்களே மேடம்," என்று சாதாரணமாகச் சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. அன்றைக்கு அதைச் சொன்ன மேடம் யார் என்று அவளுக்குத் தெரியாது என்பது அந்த முகத்திலேயே இருந்தது. தெரிந்திருந்தால் சுகந்திக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்கினாள். அடுக்குவது கைப்பழக்கம், அதற்கு மனம் வேண்டியதில்லை. பதினேழு வருஷத்தில் என்னென்னவோ சொல்லிக்கொடுத்திருக்கிறோம், எது ஏறியது எது ஏறவில்லை என்று சொல்ல முடியாது. இது ஏறிவிட்டது, ஒரே ஒரு தடவையில், தொலைபேசியில், வாயில் சுளையோடு. பெங்களூர் போனால் என்ன போகாவிட்டால் என்ன, இனிமேல் இந்தப் பெண் எழுந்து நிற்க மாட்டாள். எந்த அறையிலும் நிற்க மாட்டாள். எண்ணைப் போட்டு வைப்பாள். அழுகை வந்தது. பி.டி. டீச்சர் நடுவில் நிறுத்திய அன்றைக்கு வந்த அதே அழுகைதான், இத்தனை வருஷம் எங்கேயிருந்ததோ. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டை நூலால் கட்டினாள். படியில் இறங்கும்போது குதிகால் சுரீர் என்றது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் பிள்ளைகள் விடையை ஒப்பிட்டுக்கொண்டு நின்றார்கள், ஒருவன் சொல்ல ஒருத்தி ஐயையோ என்றாள். கூட்டத்தில் கவின்ராஜும் இருந்தான், வணக்கம் வைத்தான். இந்த முறை அவனை நன்றாகப் பார்த்தே தலையசைத்தாள்.

தேர்வுப் பிரிவில் சென்னியப்பன் சார் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துப் பேனாவையும் அதன்மேல் குறுக்கே வைத்திருந்தார். "வாங்க மேடம். இங்கதானுங்க, இந்தக் கட்டத்துல. அஞ்சு நிமிஷத்துல நீங்க சாப்பிடப் போயிரலாம்." சுகந்தி உட்காரவில்லை. அன்றைய கோப்பையும் ஒரு வெள்ளைத் தாளையும் கேட்டாள். கோப்பில் அச்சுப் பிழை என்று எழுதியிருந்த வரியின்மேல், எழுதாத பக்கத்துக்குப் போடுவதுபோல, குறுக்குக் கோடு போட்டாள். பிறகு நின்றபடியே எழுதினாள். நவம்பர் இருபது, பதினொன்றே கால், மாணவி பவதாரணி பிழையைச் சரியாகச் சொன்னது, கேள்வியைப் பார்க்காமலே சரி என்று தான் சொன்னது. விதியின் எண்ணைப் போட்டாள். கீழே இன்னொரு பத்தி: இதனால் கோடு நகர்ந்து எழுபத்துமூன்றில் உள்ள கவின்ராஜ் கிரேடு இறங்குவான், அது என் பிழையால் வருவது, அவனுக்குப் பழைய கோட்டையே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைப்பார்களா என்று தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். சென்னியப்பன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை படித்தார். "மேடம், ஜனவரில இன்டர்வியூ இருக்குதுங்களே," என்றார். "இருக்குதுங்க சார்." "ஒருத்தரத் தூக்குனா இன்னொருத்தர் எறங்குவாங்க, அது உங்களுக்குத் தெரியாதுங்களா?" "தெரியுமுங்க. அவன் பேரும் அதுல இருக்குது பாருங்க." அவர் அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்தார். திட்டப் போகிறாரோ என்று இருந்தது, திட்டவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு, மேசைத் தொலைபேசியை எடுத்து முதல்வரின் எண்ணைப் போட்டார். சுகந்தி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "சார், அந்தப் பதினாலு பி விஷயமுங்க. இல்லைங்க, அச்சுல இல்லைங்க. கேள்வியே தப்புதானுங்க. அந்தப் புள்ள அன்னைக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்குது." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். சென்னியப்பன் சார் சுகந்தியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். "ஆமாங்க சார், நிச்சயமாத்தானுங்க," என்றார். "மேடமே சொல்றாங்க."